ரேடியோ சொல்லும் குளிரும் நம்ம மலைப் பனியும்



மார்கழி பிறந்துவிட்டால் நம் லயங்களில் ஒரே பேச்சுத்தான். "இந்த வருஷம் பனி கூடவா, கொறைவா? மழை விடுமா, விடாதா?" பிரட்டுக்களத்திலும் பீலிக்கரையிலும் இதைத்தான் பேசுகிறோம். இது பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. பனி விழுந்தால் கொழுந்து கருகும். கொழுந்து குறைந்தால் பேர் குறையும். மழை நின்று பெய்தால் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேடு என்னவாகுமோ என்று இரவெல்லாம் தூக்கம் வராது.

தோட்டங்களுக்குப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "ரேடியோவில மழை வரும்னாங்க, இங்க ஒரு சொட்டு விழல. பனியைப் பத்தி ஒண்ணுமே சொல்லல, விடிஞ்சு பார்த்தா மலை பூரா வெள்ளை. அவங்க சொல்றத எப்படிங்க நம்புறது?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் அறிவிப்பும் பொய்யல்ல. வளிமண்டலவியல் திணைக்களம் மாகாணத்துக்கும் மாவட்டத்துக்கும் சேர்த்துச் சொல்கிறது. நாம் வாழ்வதோ ஒரு மலையின் ஒரு சரிவில். அந்த அறிவிப்பை நம்ம மலைக்கு எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்பதை இம்முறை விளக்குகிறோம்.

ஒரே காற்று, இரண்டு முகம்

நம் நாட்டில் மேல்நாடுகளைப் போலக் கடும் குளிர்காலம் கிடையாது. ஆனாலும் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை மலையகத்துக்கு ஒரு சின்னக் குளிர்காலம் உண்டு. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். ஆசியாவின் வடபகுதி நிலம் நன்றாகக் குளிர்ந்துபோகும். அங்கிருந்து புறப்படும் காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து, வடகிழக்குத் திசையிலிருந்து நம்மிடம் வருகிறது. இதைத்தான் வடகீழ் பருவக்காற்று என்கிறோம்.

கடலைக் கடக்கும்போது இந்தக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். மலையில் மோதி மேலே ஏறும்போது அந்த ஈரம் குளிர்ந்து மழையாக விழும். ஆகவே காற்று முதலில் மோதும் கிழக்குச் சரிவுகளுக்கு, அதாவது பதுளை, பசறை, மடுல்சீமை பக்கங்களுக்கு, டிசம்பரிலும் ஜனவரி முற்பகுதியிலும் நல்ல மழை கிடைக்கும். மலையைத் தாண்டி மேற்கே இறங்கும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடும். அதனால் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் வெயிலும் வரட்சியும் கூடும்.

ஆடி, ஆவணியில் இது தலைகீழாக நடக்கும். அப்போது காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் மஸ்கெலியாவில் அடைமழை பெய்யும். ஊவாவில் கச்சான் காற்று காய வைக்கும். ஆகவே மழை அறிவிப்பைக் கேட்டதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "காத்து எந்தப் பக்கமிருந்து வருது? நம்ம மலை காத்துக்கு முகம் காட்டுதா, முதுகு காட்டுதா?" மாகாணத்துக்கே மழை என்று சொன்னாலும், முதுகு காட்டும் மலைக்கு அது தூறலாகவே போய்விடலாம்.

உயரம் ஏற ஏறக் குளிர்

ஆயிரம் அடி மேலே ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 2 பாகை செல்சியஸ் குறையும். ஹட்டனும் பண்டாரவளையும் சுமார் 4,000 அடி உயரத்தில் உள்ளன. நுவரெலியா 6,200 அடி. ஆகவே ஹட்டனைவிட நுவரெலியா சுமார் 4 பாகை குளிர்ந்திருப்பது வழமை. அறிவிப்பில் நுவரெலியாவின் வெப்பநிலையைச் சொன்னால், உங்கள் தோட்டத்தின் உயரத்தைக் கொண்டு நீங்களே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் ஆயிரம் அடி வித்தியாசம் உள்ள தோட்டங்களும் இருக்கின்றன.

தாய்மார் சிலர் கேட்பார்கள்: "ரேடியோவில 4 பாகைன்னுதானே சொன்னாங்க? தண்ணி உறையிறது பூச்சியத்துல. பிறகு எப்படி பனி உறையுது?" இதற்கு விடை எளிது. வெப்பமானியை நிலத்தில் வைப்பதில்லை. தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைத்துத்தான் அளக்கிறார்கள். தெளிந்த இரவில் புல்லும் இலையும் அந்தக் காற்றைவிடச் சில பாகை கூடுதலாகக் குளிர்ந்துவிடும். பெட்டிக்குள் 4 பாகை இருக்கும்போது தரையில் பூச்சியத்துக்கும் கீழே போகலாம்.

துகள் உறைபனி விழும் இரவு

பகலில் வெயிலில் சூடேறிய நிலம், இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். மேகம் இருந்தால் அது கம்பளி மாதிரி. போகிற சூட்டைத் தடுத்துத் திருப்பி அனுப்பும். மேகம் இல்லாவிட்டால் சூடு எல்லாம் மேலே போய்விடும். காற்றும் அடங்கியிருந்தால் தரையோடு உள்ள குளிர் கலையாமல் அப்படியே கிடக்கும். விடியப்போகும் நேரத்தில் குளிர் உச்சத்துக்கு வரும். அப்போது ஈரம் இலையின் மேல் வெள்ளைத் துகளாக உறைந்துவிடும்.

ஆகவே பனி விழும் இரவுக்கு அடையாளங்கள் மூன்று: வானம் தெளிவாக இருக்க வேண்டும். காற்று அடங்கியிருக்க வேண்டும். முந்திய சில நாட்கள் மழையின்றிக் காய்ந்திருக்க வேண்டும். "நச்சத்திரம் கொட்டிக் கெடந்தா நாளைக்கு வெள்ளப்பனி" என்று ஒரு அப்பாயி நம்மிடம் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் அவர் சொன்னது விஞ்ஞானம்தான். மழைக்காலம் தணிந்து வானம் வெளுக்கும் ஜனவரி பிற்பகுதியிலும் பெப்ரவரியிலும் நுவரெலியா, அம்பேவெல, பட்டிப்பொல, ஹோர்ட்டன் சமவெளி பக்கங்களில் பனி கூடுதலாக விழுவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு விடயம். மலை உச்சியில்தான் பனி கூட விழும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீர் மாதிரி இரவில் சரிவு வழியே இறங்கி, பள்ளத்திலும் ஆற்றோரத்திலும் போய்த் தேங்கும். அதனால்தான் ஒரே தோட்டத்தில் மேட்டு மலை பச்சையாக இருக்க, ஆற்றோர மலை கருகிக் கிடக்கிறது.

கொழுந்தும் கூலியும்

உறைந்த இலையில் விடிந்ததும் வெயில் பட்டால், இளங்கொழுந்து தீயில் வாட்டியது போலக் கறுத்துவிடும். பனி விழாவிட்டாலும் குளிர் தன் வேலையைச் செய்யும். சராசரி வெப்பம் 12, 13 பாகைக்குக் கீழே போனால் துளிர் ஏறக்குறைய வளர்வதையே நிறுத்திவிடும். மழையும் இல்லாவிட்டால் கொழுந்து இன்னும் குறையும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை வரும் இந்தக் குளிர்ந்த, காய்ந்த காலத்தில்தான் திம்புள்ள பக்கத்துத் தேயிலைக்கு நல்ல வாசமும் ருசியும் வருகிறது. ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு. ஆனால் கூடையில் விழும் கொழுந்து குறைவு. சந்தையில் நல்ல பெயர் வாங்கித் தரும் மாதத்தில் எடுப்பவர் கைக்கு அரைப்பேர் வருவது வேதனையான விடயம். ஆகவே பனி அடித்த நாளையும், எந்த மலையில் அடித்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கிலோ குறைந்ததற்குக் காரணம் கேட்கும்போது, "பனிங்க ஐயா" என்று வாயால் சொல்வதைவிடத் திகதியோடு காட்டுவது பலம். தலைவர்மாருக்கும் அது பேசுவதற்கு உதவும்.

லயத்தைச் சுற்றி மரக்கறி போட்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உருளைக்கிழங்கும் போஞ்சியும் பனியைத் தாங்கா. கோவாவும் லீக்சும் ஓரளவு தாங்கும். பனி அடையாளம் தெரிந்த அன்று பகலிலேயே மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள். ஈரமண் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். மாலையில் மானாப்புல்லாலோ பழைய சாக்காலோ நாற்றை மூடுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுங்கள்.

மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு?

"100 மில்லிமீற்றருக்கு மேல் மழை" என்று அறிவிப்பில் சொல்வார்கள். 100 மில்லிமீற்றர் என்பது 4 அங்குலம். 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஒரு காம்பராக் கூரையின் மேல் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், அந்தக் கூரையில் மட்டும் சுமார் 1,100 லீற்றர் தண்ணீர் விழுகிறது. 20 லீற்றர் கேனில் 55 கேன். அப்படியானால் முழு மலைக்கும் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே மழையை அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு தகரப்பேணியை, மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வையுங்கள். காலை எட்டரை மணிக்கு உள்ளே அடிமட்டத்தை விட்டு அளந்து, எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்ல வேலை. ரேடியோ சொன்ன மழைக்கும் நம்ம மலையில் பெய்த மழைக்கும் உள்ள வித்தியாசம் ஒரே பருவத்தில் பிடிபட்டுவிடும்.

மண்சரிவு எச்சரிக்கை வேறு

இதுவரை சொன்னதெல்லாம் அறிவிப்பை நாமே எடைபோட்டுப் பார்க்கும் விடயம். மண்சரிவு எச்சரிக்கையில் மட்டும் அப்படிச் செய்யக்கூடாது. அதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. முதல் கட்டம் மஞ்சள்: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். இரண்டாவது செம்மஞ்சள்: 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். மூன்றாவது சிவப்பு: 150ஐத் தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தாலோ வெளியேற வேண்டும்.

நமக்குத் தோட்டத்தின் பெயர் தெரியும், பிரிவின் பெயர் தெரியும். பிரதேச செயலகப் பிரிவு எதுவென்று கேட்டால் பலர் விழிக்கிறோம். பெயர் தெரியாவிட்டால் எச்சரிக்கை காதில் விழுந்தும் பயனில்லை. கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு, அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து பல குடும்பங்கள் அழிந்தன. "எங்கங்க போறது, போக எடமில்லையே" என்ற கேள்வி நம் மக்களின் உண்மையான கேள்வி. பாதுகாப்பான காணிக்கும் வீட்டுக்குமான கோரிக்கையை விடாமல் கேட்போம். அதே வேளை அன்றைய ஒரு இரவுக்குப் பாடசாலையோ கோயில் மண்டபமோ போதும். உயிர் இருந்தால்தான் கோரிக்கையும் இருக்கும்.

எச்சரிக்கை வராவிட்டாலும் நிலத்தைப் பாருங்கள். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிவரும் பீலித் தண்ணீர், புதிதாகக் கிளம்பும் ஊற்று, திடீரென இறுகும் கதவு ஆகியவை மலை அசையும் அடையாளங்கள். உடனே விலகிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள்.

காம்பராவுக்குள்ளே

கடைசியாக ஒன்று. குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்துவிட்டு, தணல் போட்ட சட்டியை உள்ளே வைத்துத் தூங்காதீர்கள். கரி எரியும்போது வரும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் தூக்கத்திலேயே போய்விடலாம். படுக்குமுன் தணலை வெளியே எடுத்துவிடுங்கள். கைப்பிள்ளைகளுக்குத் தலையையும் காலையும் மூடுங்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு உள்ளே இழுத்தாலோ கைவைத்தியத்தோடு நின்றுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மழையையும் பனியையும் நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் மாலையில் ஒரு முறை வானத்தைப் பார்ப்பது, அறிவிப்பை ஒரு முறை கேட்பது, காலையில் ஒரு வரி எழுதுவது, இந்த மூன்றும் எல்லா லயத்திலும் முடியும். பக்கத்துக் காம்பராவில் ரேடியோவோ கைபேசியோ இல்லாவிட்டால் நீங்கள் கேட்டதை அவர்களுக்கும் சொல்லுங்கள். ஒரு லயத்துக்கு ஒரு கொப்பி என்று இந்த மார்கழியிலேயே தொடங்குவோம். மாசி முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.