தாழ்ந்த மனையும் வெள்ள இன்ஷூரன்ஸும்

கேரள மாநிலத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே அமைந்த சிற்றூர் தனுவச்சபுரம். தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இவ்வெல்லைப் பிரதேசத்தில் செம்மண் குன்றுகள் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. குன்றின் சரிவுகளில் தென்னையும், ரப்பரும், மரவள்ளியும் பயிராகின்றன. இரு குன்றுகளுக்கு நடுவே குறுகி நீண்ட பள்ளத்தில் நெல் வயல் அமைந்திருக்கும். இவ்வயற் பள்ளத்தை இங்குள்ளோர் 'ஏலா' என்பர். முன்னோர் சரிவின் மேல் வீடு கட்டி, ஏலாவைத் தண்ணீருக்கும் நெல்லுக்கும் விட்டு வைத்தனர். சாலையோரத்து ஏலாக்களில் மண் கொட்டி மனை போடும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது.

கேரளத்தின் வெள்ளம் என்றவுடன் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 முடிய மாநிலத்தில் 2,346.6 மில்லிமீட்டர் மழை பெய்தது. சாதாரணமாகப் பெய்ய வேண்டியது 1,649.5 மில்லிமீட்டர். ஆனால் அப்போது பெருஞ்சேதம் நேர்ந்தது மாநிலத்தின் மத்தியப் பகுதியிலும் வடபகுதியிலுமேயாகும். தென்மேற்குப் பருவத்தில் கேரளத்திலேயே மிகக் குறைந்த மழை பெறும் மாவட்டம் திருவனந்தபுரம். ஆகவே "வெள்ளமெல்லாம் வடக்கே, நமக்கு ஒன்றும் நேராது" என்று எண்ணுவது இப்பக்கத்தாருக்கு எளிது. இந்நம்பிக்கை பாதியே உண்மை.

இங்கு அபாயம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. 2021 நவம்பர் நடுவில் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதையடுத்த நெய்யாற்றின்கரைப் பகுதியிலும் கடுமழை பெய்தது. திருவனந்தபுரம் - நாகர்கோவில் இருப்புப்பாதையில் மண் சரிந்து ரயில் போக்குவரத்துத் தடைப்பட்டது. 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் நகரமே நீரில் தத்தளித்தது. பருவ முழுவதற்குமான சராசரி மழையைப் பார்த்தால் இந்த அபாயம் தெரிவதில்லை. ஓர் இரவில் பெய்யும் மழையைத்தான் பார்க்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால் இந்திய வானிலை இலாகா அதைக் 'கனமழை' என்கிறது; 115.6 எட்டினால் 'மிகக் கனமழை', 204.4 தாண்டினால் 'அதிகனமழை'.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். நூறு ஹெக்டேர் சரிவுகளிலிருந்து பத்து ஹெக்டேர் ஏலா ஒன்றுக்கு நீர் வடிகிறது என்று கொள்வோம். ஓர் இரவில் 150 மில்லிமீட்டர் பெய்து, அதில் பாதி நிலத்தில் ஊறிவிட, மறுபாதி கீழே ஓடி வந்தால், 75,000 கன மீட்டர் தண்ணீர் ஏலாவில் சேரும். வடிகால் அடைபட்டிருந்தால் அது முக்கால் மீட்டர் உயரம் நிற்கும். அதாவது முழங்காலுக்குச் சற்று மேல். அந்த ஏலாவில் பாதியை மண்ணிட்டு நிரப்பி வீடுகள் கட்டிவிட்டோம் என்றால், அதே தண்ணீர் எஞ்சிய பாதியில் ஒன்றரை மீட்டர் ஏறியாக வேண்டும். மனையை ஒரு மீட்டர் உயர்த்தியவர் வீட்டினுள்ளும் நீர் புகும். உயர்த்தாத அண்டை வீட்டாரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. உண்மையில் ஓடைகள் ஓரளவு நீரைக் கொண்டு செல்லுமாதலால் கணக்கு இவ்வளவு கடுமையாக இராது. ஆயினும் நிரப்பிய மண் தண்ணீரை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்பதை இதனால் அறியலாம்.

ஆற்றங்கரை வீட்டாரின் நிலை வேறு. அகஸ்திய மலையில் தோன்றி 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் கடலை அடையும் நெய்யாற்றின் குறுக்கே, 1958இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணை இருப்பதால் வெள்ளம் வராது என்று பலர் கருதுகின்றனர். அது பாசனத்திற்கென எழுந்த அணை. மழைக்காலத்தின் பிற்பகுதியில் நீர்த்தேக்கம் நிரம்பி நிற்கும்போது வரும் மழையைத் தாங்க அதில் இடம் குறைவு. அப்போது மதகுகளைத் திறப்பதைத் தவிர வழியில்லை. திறப்பதற்கு முன்னர் நீலம், செம்மஞ்சள், சிவப்பு என்று படிப்படியாக எச்சரிக்கை விடப்படுகிறது. கரையோரத்தார் இந்நிறங்களின் பொருளை அறிந்திருத்தல் அவசியம்.

வெள்ளம் பாயும் நிலத்தை வரையறுத்து, எங்கே வீடு கூடாது, எங்கே கட்டுப்பாட்டுடன் கட்டலாம் என்று பிரிப்பதே வெள்ள மண்டல முறை. மத்திய அரசு 1975இல் இதற்கொரு மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் போன்ற வெகு சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. கேரளத்தில் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெள்ள அபாயப் படங்களை வெளியிட்டுள்ளது. அவை பயனுள்ளவையே. எனினும் மாவட்ட அளவில் வரைந்த படம் ஒரு பத்து சென்ட் மனையின் நிலையைக் காட்டுவது அரிது. 'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லும் பலரை மயங்க வைக்கிறது. அது நூறாண்டுக்கு ஒருமுறை மட்டும் வருவதன்று. எந்த ஆண்டிலும் வரக்கூடிய வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதே பொருள். முப்பது ஆண்டுத் தவணையில் வீட்டுக் கடன் வாங்கியவர், அத்தவணை முடிவதற்குள் ஒருமுறையேனும் அதைக் காணும் வாய்ப்பு 26 சதவிகிதம்.

படத்தைவிட நன்றாகப் பேசும் ஓர் ஆவணம் கிராம அலுவலகத்தில் இருக்கிறது. வரிப் பதிவேட்டில் மனை 'நிலம்' என்றோ 'புரயிடம்' என்றோ குறிக்கப்பட்டிருக்கும். தமிழர் இங்கே ஏமாறக்கூடும். நமக்கு நிலம் என்றால் எந்தப் பூமியும் ஆகும். கேரள வருவாய் வழக்கில் 'நிலம்' என்றால் நஞ்சை வயல், 'புரயிடம்' என்றால் மேட்டு மனை. வயலை நிரப்புவதைத் தடுக்கும் சட்டம் 2008இல் வந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சில வகை இடங்களுக்குக் கட்டணம் செலுத்தி வகை மாற்றம் பெறலாம். வகை மாறினாலும் நிலத்தின் மட்டம் மாறுவதில்லை. ஆகவே மனை வாங்குவோர் இன்றைய பதிவோடு நில்லாது பழைய பதிவையும் பார்த்தல் நலம். கார்த்திகையில் அம்மனையின் கிணற்றில் நீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்பதும் நல்ல சோதனையே.

இனி இன்ஷூரன்ஸ். அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளம் அடங்குவதில்லை. 1968இல் அரசே தனித் திட்டம் தொடங்க நேர்ந்தது. நம் நாட்டில் நிலைமை இதைவிடச் சாதகமானது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுமாதிரிப் பாலிசியில் தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு யாவும் அடங்கும். வீட்டை மீண்டும் கட்ட ஆகும் செலவே காப்புத் தொகை. மனையின் விலை இதில் சேராது. தொண்ணூறு சதுர மீட்டர் வீட்டிற்குச் சதுர மீட்டருக்கு 20,000 ரூபாய் ஆகுமெனில் காப்புத் தொகை 18 லட்சம் ரூபாய். அதில் 20 சதவிகிதம், அதாவது 3,60,000 ரூபாய், வீட்டுச் சாமான்களுக்கெனத் தானாகவே சேர்கிறது. இவ்வகையில் உச்ச வரம்பு 10 லட்சம். நகைகளுக்குத் தனியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பாலிசியில் மிகவும் கவனித்து வாசிக்க வேண்டியது விலக்குகளைப் பற்றிய பகுதி. நிலம் அமிழ்தல், நிலச்சரிவு என்னும் இனத்தில், புதுக் கட்டடம் இயல்பாக அமர்வதால் உண்டாகும் விரிசலுக்கு நஷ்டஈடு இல்லை. நிரப்பிய மண் தாழ்வதாலோ நகர்வதாலோ ஏற்படும் சேதத்திற்கு இல்லை. ஆற்றரிப்புக்கும் கடலரிப்புக்கும் இல்லை. குறைபாடான வேலைக்கும் இல்லை. ஏலாவை நிரப்பிக் கட்டிய வீட்டில் வெள்ளம் புகுந்து கதவும் மின்கம்பியும் கெட்டால் பணம் கிடைக்கும். வெள்ளம் வடிந்தபின் அடிமண் இறங்கிச் சுவர் பிளந்தால், அது வெள்ளத்தின் சேதமா நிரப்பிய மண்ணின் குறையா என்ற கேள்வி எழும். நெய்யாற்றங்கரையில் மண் அரிக்கப்பட்டு வீடு சாய்ந்தாலும் இதே சங்கடந்தான். பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் இருவருக்கே பாலிசி கைகொடுக்கத் தயங்குகிறது என்பதை எழுதுவதில் நமக்கு மகிழ்ச்சியில்லை. அதனால் அவர்கள் பாலிசியே எடுக்க வேண்டாமென்று சொல்லவும் முடியாது. ஆண்டுப் பிரீமியம் காப்புத் தொகையில் சிறு பங்கே. ஆனால் அஸ்திவாரத்தை நிரப்பு மண்ணைக் கடந்து இயற்கைத் தரை வரை இறக்குவதற்கான செலவைப் பாலிசி ஈடு செய்துவிடும் என்று எண்ணலாகாது.

நீர் புகுந்துவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, எதையும் கழுவுவதற்கு முன் படமெடுத்து வைக்க வேண்டும். கம்பெனிக்கு உடனே தெரிவித்து, சேதம் கண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். நனைந்த சாமான்களை மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை எறியாதிருப்பது நல்லது. சுவரில் நீர் ஏறி நின்ற கோட்டின் மேல் தேதியைக் கரிக்கட்டியாலாவது எழுதி வைக்கலாம். மதிப்பீட்டாளருக்கு அது சாட்சி; அதே ஏலாவில் அடுத்து வீடு கட்ட வருபவருக்கு அஸ்திவாரத்தின் உயரத்தைத் தீர்மானிக்க அந்தக் கோடு ஒன்றே போதும்.