மாத்திரையிலுள்ள துணைப்பொருள்களும் குடலில் மருந்து உறிஞ்சப்படுதலும்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் வெண்களிமண்ணையும் டால்க் தூளையும் அறியாதவர் குறைவு. இவையே, மருந்துக்குரிய தரத்தில் தூய்மை செய்யப்பட்டு, சில மாத்திரைகளிலும் சேர்க்கப்படுகின்றன. மாத்திரைக்கு உருவம் தரவும், கெடாமல் காக்கவும், உரிய இடத்தில் கரையச் செய்யவும் சேர்க்கப்படும் இத்தகைய பொருள்கள் துணைப்பொருள்கள் எனப்படும். இவை நோயைக் குணப்படுத்துவதில்லை. எனினும் மருந்து இரத்தத்தில் கலக்கும் அளவை மாற்றவல்லவை.

எவ்வாறு மாற்றுகின்றன?

விழுங்கிய மாத்திரை உடைந்து, கரைந்த பின்னரே மருந்து குடற்சுவரின் வழியாக இரத்தத்தை அடைகிறது. ஸ்டார்ச் நீரை ஈர்த்து உப்பி, மாத்திரையை உடைக்க உதவுகிறது. மக்னீசியம் ஸ்டியரேட் அளவு மிகுந்தால், நீர் உட்புகுவது தடைபட்டுக் கரைதல் தாமதமாகும். சில மாத்திரைகளின் மேலுறை இரைப்பை அமிலத்தைத் தாங்கிக் குடலில் மட்டுமே கரையும்.

ஒரு படிப்பினை

1968-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டாயின் உட்கொண்டுவந்த பலருக்கு, வழக்கமான அளவிலேயே மருந்து நச்சுத்தன்மை ஏற்பட்டது. மருந்தின் அளவு மாறவில்லை, நிரப்புப்பொருளே மாறியிருந்தது. முன்பு சேர்க்கப்பட்ட கால்சியம் சல்ஃபேட், மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைத்துவந்தது. அதற்கு மாற்றாக வந்த லாக்டோஸ் அவ்வாறு குறைக்காததால், இரத்தத்தில் மருந்தின் அளவு உயர்ந்தது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பெரும்பாலான மருந்துகளில் இத்தகைய சிறு வேறுபாடு தீங்கு செய்வதில்லை. ஆனால் ஃபெனிட்டாயின், தைராக்சின், வார்ஃபரின் போன்றவற்றில் தேவையான அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடைவெளி குறைவு.

இதனால் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகள் தரம் குறைந்தவை எனக் கருதலாகாது. நீரில் எளிதில் கரையாத மருந்துகளின் பொதுப்பெயர் வகைகள், மூல மருந்துக்கு நிகராக இரத்தத்தை அடைகின்றன என்பதை நிரூபித்த பின்னரே உரிமம் பெற வேண்டும் என 2017 ஏப்ரலில் இந்திய அரசு விதித்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஒவ்வொரு முறையும் பழைய மாத்திரை அட்டையை உடன் கொண்டுவருக. நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ தெரிவிக்கவும்.
• மாற்றத்திற்குப் பின் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, மிகுந்த உறக்கம் அல்லது மீண்டும் வலிப்பு தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வரவும். அவசரத்திற்கு 108-ஐ அழைக்கவும்.
• விழுங்க இயலாதவர்களுக்கு மாத்திரையைப் பொடிசெய்து கொடுக்கும் முன் மருந்தாளுநரிடம் கேட்கவும். குடலில் கரையும் மேலுறை கொண்டவற்றையும், மருந்தை மெல்ல வெளியிடும் மாத்திரைகளையும் பொடிசெய்யலாகாது.
• அச்சத்தினால் வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டா. திடீரென நிறுத்துவது தொடர் வலிப்பை உண்டாக்கி உயிருக்கு ஆபத்தாகலாம்.