வெளிநாட்டு மருத்துவக் கல்வி: பதினொன்றாம் வகுப்பிலேயே மூடப்படும் கதவு

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை வழியாகச் செல்லும் சாலை நம்மை உத்திரமேரூரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்குள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, சபை உறுப்பினராகக் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. குடவோலை முறையைக் கொண்டாடுவோர் பலர் இவ்வரிகளைக் கடந்துவிடுகின்றனர். நிலமற்றவரின் பெயர் குடத்துக்குள் விழவே வழியில்லை. ஓலை எடுக்கும் முன்பே, தகுதி விதி ஆட்களைக் கழித்துவிடுகிறது.

உள்நாட்டில் அரசு இடம் கிடைக்காமல், தனியார் கல்லூரிக் கட்டணமும் கட்ட இயலாமல், வெளிநாட்டு மருத்துவக் கல்வியை நாடும் பட்டியல் சமூக மாணவர்களும் இப்படித்தான் கழிக்கப்படுகின்றனர். ஆகவே விதிகளை நாம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

முதல் நிபந்தனை மேல்நிலைப் பாடப் பிரிவு. தாயகம் திரும்பி மருத்துவம் பார்க்க விரும்புவோர் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்திருக்க வேண்டும். உயிரியல் இல்லாத கணினி அறிவியல் பிரிவிலோ வணிகவியல் பிரிவிலோ சேர்ந்தவருக்குப் பதினைந்து வயதிலேயே கதவு சாத்தப்படுகிறது. இதை எடுத்துச் சொல்ல முதல் தலைமுறை மாணவரின் வீட்டில் எவருமில்லை. ஆனால் ஒரு மாற்று வழி உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பின்னரும், அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தின் வழியே விடுபட்ட பாடத்தைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

இரண்டாவது நிபந்தனை நீட். 2018 முதல், வெளிநாட்டில் மருத்துவம் பயிலச் செல்வோரும் அதில் தகுதி பெற்றாக வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 50ஆம் சதமானம். பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு 40ஆம் சதமானம். இது மதிப்பெண் சதவீதமன்று. தேர்வு எழுதியோரில் எத்தனை விழுக்காட்டினரை ஒருவர் முந்தியுள்ளார் என்னும் கணக்கு. வெளிநாட்டுச் சேர்க்கைக்கு இத்தகுதி மூன்று ஆண்டுகள் செல்லும். “முதலில் சேருங்கள், நீட் பிறகு பார்க்கலாம்” என்று கூறும் முகவரை நம்பலாகாது.

மூன்றாவது, செல்லும் நாட்டின் நிபந்தனை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேரப் பொதுவாக இளநிலைப் பட்டம் தேவை. உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை ஆய்வகப் பயிற்சியுடன் முடித்திருக்கவும் வேண்டும். அப்பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கோருகின்றன. பிலிப்பைன்ஸிலும் மருத்துவப் படிப்புக்கு முன் ஒரு பட்டம் வேண்டும். அம்முன்படிப்பு ஆண்டுகளை இந்திய ஆணையம் மருத்துவக் கல்வியாகக் கணக்கிடுவதில்லை.

இங்குதான் நான்காவது நிபந்தனை குறுக்கிடுகிறது. 2021 நவம்பரில் வந்த விதிகளின்படி, மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கில வழியில் நடந்திருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அப்பட்டம் அந்நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதியை அளிக்க வேண்டும். திரும்பிய பின் தகுதித் தேர்வும் இங்கே மேலும் 12 மாதப் பயிற்சியும் உண்டு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், நகையையும் நிலத்தையும் விற்றுப் பெற்ற பட்டம் இங்கே செல்லாது போகும்.

ஏழை மாணவருக்கு இழப்பு இரட்டிப்பாகிறது. கல்வி உதவித்தொகையும் அவரைத் தாங்குவதில்லை. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் ஆய்வுக்கும் மட்டுமே. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் அவ்வாறே. எம்.பி.பி.எஸ். படிக்கச் செல்பவர் இரண்டுக்கும் வெளியே நிற்கிறார். வசதியுள்ள குடும்பம் ஒரு தவறான முடிவிலிருந்து மீளும். கடன் வாங்கிய கூலித் தொழிலாளியின் குடும்பம் மீளாது.

ஆகவே இவ்வுதவித்தொகைகளை இளநிலை மருத்துவத்துக்கும் நீட்டிக்க வேண்டும் எனக் கோருகிறோம். தகுதி விதிகள் தமிழில் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் ஒட்டப்பட வேண்டும். அதுவரை மாணவர் அமைப்புகள் காத்திருக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும் வாரத்திலேயே குடியிருப்புகளுக்குச் சென்று, பாடப் பிரிவைத் தேர்வு செய்யும் படிவத்தை நிரப்பும் முன் மாணவருடனும் பெற்றோருடனும் அமர்ந்து பேசுவோம்.