மூவாயிரம் டாலர் கேட்ட பஞ்சக் கதை

பீம்ரா என்று ஒரு நகரம். மழை பொய்த்துப் பஞ்சம் பிடித்திருக்கிறது. பக்கத்து நாகர் பேரரசோடு உடன்படிக்கை செய்துகொண்டால் தானியம் வரும். ஆனால் நாகர்களைக் கண்டாலே ஊருக்குப் பயமும் வெறுப்பும். கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு அவள் விரும்பாத கல்யாணத்தைப் பேசி முடிக்கிறார்கள். இளவரசி, பூசாரி, நாகர் தூதர் என்று ஆட்டக்காரர் ஒவ்வொருவராக மாறி மாறி வாழ்ந்து பார்க்க வேண்டும். வாளை எடுக்காமலேயே பேசிப் பேசிப் பெரும்பாலான இடங்களைக் கடந்துவிடலாம்.

இது 'அன்ரெஸ்ட்' என்ற வீடியோ கேம். பைரோடாக்டில் என்ற மிகச் சிறிய நிறுவனத்தை நடத்திய அரவிந்த் ராஜா யாதவ் என்ற இந்திய இளைஞர், 2013இல் இதைச் செய்து முடிக்க 'கிக்ஸ்டார்ட்டர்' இணையதளத்தில் மக்களிடம் கேட்ட தொகை 3,000 டாலர். அன்றைய மதிப்பில் இரண்டு லட்சம் ரூபாய்கூட இல்லை. வந்து சேர்ந்ததோ 36,000 டாலருக்கு மேல். பழங்கால இந்தியாவை நினைவூட்டும் ஊர், பஞ்சம், விருப்பமில்லாத கல்யாணம் என்று எந்தப் பெரிய நிறுவனமும் முதல் போடத் தயங்கும் கதைக்கு, முகம் தெரியாதவர்கள் பணம் கட்டினார்கள். 2014 ஜூலையில் ஆட்டம் வெளிவந்தது.

கிரவுட் ஃபண்டிங் என்கிற இந்த ஏற்பாட்டைக் கள்ளக்குறிச்சிப் பக்கத்தவருக்கு விளக்குவது எளிது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைக்க ஊர் முடிவெடுத்தால், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூலிப்பார்கள். கூத்து பிறகுதான் நடக்கும். பணம் முன்னாலேயே வந்துவிடும். ஆடப்போகிற குழுவை நம்பியும், ஆட்டத்தைப் பார்க்கிற ஆசையிலும் கொடுக்கிற பணம் அது. கிக்ஸ்டார்ட்டரில் ஊர் என்பது உலகம் முழுவதும் என்று ஆகிவிடுகிறது, யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. 2009 ஏப்ரலில் தொடங்கிய அந்தத் தளத்தின் முக்கியமான விதி, கேட்ட தொகை குறித்த நாளுக்குள் முழுதாகச் சேர வேண்டும் என்பது. சேராவிட்டால் ஒரு டாலர்கூடக் கைக்கு வராது. யாருடைய கணக்கிலிருந்தும் பணம் எடுக்கப்படாது. சேர்ந்தால், தளம் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி.

பணம் கொடுத்தவருக்கு லாபத்தில் பங்கு கிடையாது. ஆட்டத்தின் பிரதி, அதன் இசை, பட்டியலில் பெயர், அதிகம் கொடுத்தால் ஒரு படப் புத்தகம் என்று கைமாறு உண்டு. நம் நாட்டில் இந்த வேறுபாடு முக்கியமானது. நிறுவனத்தின் பங்குகளையே இணையத்தில் பொதுமக்களுக்குக் கூறு போட்டுக் கொடுக்கும் தளங்களுக்கு அனுமதியில்லை என்று செபி 2016இல் எச்சரித்தது. கைமாறுக்காகக் கொடுப்பது அந்தக் கணக்கில் வராது. அதேபோல, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்கும் இங்கே பேசப்படும் ஆட்டங்களுக்கும் எந்த உறவும் இல்லை. ரம்மி கடனில் குடும்பங்கள் சிதைந்ததைப் பார்த்த தமிழ்நாட்டில், கேம் என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் பதறுவது நியாயம்தான். ஆனால் இவை சினிமாவைப் போல, நாவலைப் போல, ஒருமுறை விலை கொடுத்து வாங்கி அனுபவிக்கிற படைப்புகள்.

இப்படி நிதி திரட்டி வென்றவற்றில் பழைய பாணி ஆட்டங்களுக்குத் தனி இடம் உண்டு. தொண்ணூறுகளில் டி.வி.யில் ஒயரைச் சொருகி, கேசட் போட்டு மரியோவும் காண்ட்ராவும் ஆடிய தலைமுறைக்கு அந்தக் கட்டம் கட்டமான உருவங்கள் மறக்காது. அன்று அது அழகுக்காகச் செய்யப்பட்டதல்ல. நிண்டெண்டோவின் அந்தக் காலக் கருவி 256க்கு 240 புள்ளிகளில் மொத்தத் திரையையும் காட்டியது. ஓர் உருவத்துக்கு மூன்று நிறங்கள்தான் கிடைத்தன. மூன்று நிறத்தில் ஒரு மனிதனை நடக்கவும் குதிக்கவும் வைத்தவர்களின் கைத்திறன் அது. இன்று அதே கட்டுப்பாட்டைச் சிலர் விரும்பி ஏற்கிறார்கள். காரணங்களில் ஏக்கம் ஒன்று. இன்னொன்று கணக்கு: முப்பரிமாணத்தில் ஒரு கோட்டையைக் கட்ட ஒரு படையே வேண்டும், புள்ளி ஓவியத்தில் ஒருவரே வரைந்துவிடலாம்.

அமெரிக்காவின் யாட் கிளப் கேம்ஸ் 2013இல் 'ஷவல் நைட்' என்ற ஆட்டத்துக்கு 75,000 டாலர் கேட்டது. வந்தது 3,11,502 டாலர். மண்வெட்டியைக் கையில் ஏந்திய ஒரு வீரன் அதன் நாயகன். பழைய கருவியின் விதிகளைப் பெரும்பாலும் மதித்து, திரையை மட்டும் அகலமாக்கி, சில நிறங்களைக் கூடுதலாகச் சேர்த்துச் செய்தார்கள். 2014 ஜூனில் வெளியாகி லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. வசூல் ஏற ஏற, "இவ்வளவு சேர்ந்தால் வில்லன்களுக்கும் தனி ஆட்டம் தருவோம்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்குகளின் கடைசித் தவணை வெளிவந்தபோது 2019 டிசம்பர். ஒரு மாதத்து உற்சாகத்தில் சொன்ன வார்த்தைக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்களிடம் மறுபடி காசு கேட்கவும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழுவுக்கும் இதே கதைதான். 'ஹாலோ நைட்' ஆட்டத்துக்கு 2014இல் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டு 57,000 சொச்சம் பெற்றார்கள். ஆட்டம் 2017இல் வந்தது. கூடுதல் பாத்திரமாக வாக்களித்த ஹார்னெட் என்ற பெண், வளர்ந்து வளர்ந்து 'சில்க்சாங்' என்ற தனி ஆட்டமாகி 2025 செப்டம்பரில்தான் வெளியானாள். டோபி ஃபாக்ஸ் என்ற ஒருவர் பெரும்பாலும் தனியாகவே உருவாக்கிய 'அண்டர்டேல்' 5,000 டாலர் கேட்டு 51,000 டாலர் பெற்றது; எதிரிகளைக் கொல்லாமலேயே முடிக்கக்கூடிய ஆட்டம் என்பதே அதன் ஈர்ப்பு. பணம் கேட்பதற்கு முன்பே, ஆடிப் பார்க்க ஒரு பகுதியை ஃபாக்ஸ் இலவசமாக வெளியிட்டிருந்தார். இதைக் கவனிக்க வேண்டும்.

ஏமாற்றங்களும் உண்டு. ஜப்பானின் புகழ்பெற்ற கெய்ஜி இனாஃபுனே 2013இல் 'மைட்டி நம்பர் 9' என்ற பழைய பாணி ஆட்டத்துக்கு 38 லட்சம் டாலர் திரட்டினார். தேதி தள்ளித் தள்ளிப் போய் 2016இல் வந்த ஆட்டம், காத்திருந்தவர்களின் மனதைப் புண்படுத்தியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மாலிக் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிக்ஸ்டார்ட்டரில் நிதி பெற்ற திட்டங்களில் 9 சதவீதம் சொன்னதைத் தரவே இல்லை. தாமதம் இதில் சேராது. பணம் கட்டுகிறவர் இதை அறிந்தே கட்ட வேண்டும்.

இந்தியாவிலிருந்து கேட்பவருக்கோ முதல் தடை வாசலிலேயே இருக்கிறது. கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க அனுமதியுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூர் இருக்கிறது, கனடா இருக்கிறது, பிரிட்டன் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் இருப்பவர் வழியாகத்தான் கேட்க முடியும். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2017இல் 'ராஜி' என்ற ஆட்டத்துக்காக வந்தபோது, பிரிட்டிஷ் பவுண்டில்தான் கேட்டது: 1,20,000 பவுண்டு, ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். காணாமல்போன தம்பியைத் தேடிப் போகும் ஒரு சிறுமியின் கதை. இடையிடையே கதையைச் சொல்வது நிழற்பாவைகள். நம் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவருக்கு உடனே நெஞ்சில் ஒட்டும். தொகை சேரவில்லை. விதிப்படி ஒரு பைசாவும் வரவில்லை. நிறுவனர்கள் சொந்தப் பணத்தைப் போட்டுத் தாக்குப்பிடித்தார்கள். பிறகு வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் துணை கிடைத்து 2020இல் ஆட்டம் வெளிவந்தது. அந்த ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

'அன்ரெஸ்ட்', 'ராஜி' இரண்டின் அனுபவங்களையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரிகிறது. பெயர் தெரியாத குழுவுக்குக் கூட்டம் சிறிய தொகையைத் தயங்காமல் தருகிறது. பெரிய தொகை என்றால் யோசிக்கிறது. பழைய பாணியின் சிக்கனம் இங்கேதான் கைகொடுக்கும்.

கள்ளக்குறிச்சியில் இருவர் சேர்ந்து ஓராண்டு வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். மாதம் ஆளுக்கு 25,000 ரூபாய் என்றால் 6 லட்சம். இசைக்கும் சோதனைக்கும் ஒன்றரை லட்சம், கட்டணங்களுக்கு ஒரு லட்சம். மொத்தம் எட்டரை லட்சம், அதாவது ஒரு லட்சம் பேரிடம் கேட்க வேண்டிய தொகை அல்ல. ஆயிரம் பேர் ஆளுக்கு 850 ரூபாய் கொடுத்தால் போதும். கணினி விலையும் பயமுறுத்தாது. அண்டர்டேலைப் போன்ற ஆட்டம், தமிழ்நாடு அரசு 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினியின் தரத்திலேயே ஓடும். முடிந்த ஆட்டத்தை ஸ்டீம் தளத்தில் விற்க 100 டாலர் கட்டினால் போதும்; அங்கே இந்தியாவுக்குத் தடையில்லை.

கொடுக்கக்கூடிய ஆயிரம் பேர் தமிழர்களிலேயே இருக்கிறார்களா? ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. மருத்துவர்கள் ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் தந்து தொடங்கிவைக்க, தமிழக அரசு 10 கோடி ரூபாய் தர, உலகெங்கும் உள்ள தமிழர்கள் தங்களால் இயன்றதைச் சேர்த்து, 2018இல் இலக்கை எட்டினார்கள். விளையாட்டிலும் தமிழ்க் கதைக்கு மதிப்பு உண்டு என்பதை டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் காட்டிவிட்டது. கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம் இட்லியும் புட்டும் சமைக்கிற 'வெண்பா', அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா அறிமுக விருதை வென்றது. அது கிரவுட் ஃபண்டிங்கில் வந்ததல்ல. ஆனால் வாங்கி ஆட ஆள் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

கதைக்கும் இந்த மாவட்டத்தில் குறைவில்லை. உளுந்தூர்பேட்டை அருகே கூவாகத்தில் சித்திரைதோறும் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்தழும் திருநங்கையர். கல்வராயன் மலையில் மூன்று ஜாகீர்தார்களின் கீழ், 1970களின் நடுப்பகுதி வரை கூலியில்லாமல் உழைக்க நேர்ந்த மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்ததாகச் சொல்லும் அவர்களது வாய்மொழி மரபு. அந்த மலைமக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. பஞ்சத்தையும் விருப்பமில்லாத கல்யாணத்தையும் ஆட்டமாக்க முடியுமென்றால், ஜாகீர் காலத்தையும் ஆக்கலாம். அந்த மக்களைக் கலந்துகொண்டு, அவர்களில் ஒருவரும் எழுதினால்தான் அது நேர்மையாக இருக்கும். கைமாறாக என்ன தரலாம் என்றும் தேட வேண்டியதில்லை: கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரே எச்சரிக்கை, அஞ்சல் செலவை முன்பே கணக்கிட வேண்டும். பொருளாகக் கொடுப்பதாக வாக்களித்துவிட்டு, வசூலின் பெரும்பகுதியைப் பார்சலிலேயே இழந்த படைப்பாளிகள் உண்டு.

தமிழில் செய்பவருக்கென்று ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் காத்திருக்கிறது. பழைய கருவிகளில் ஓர் எழுத்துக்கு 8க்கு 8 புள்ளிக் கட்டம்தான். ஆங்கில எழுத்துகள் அதில் அடங்கிவிடும். 'ஞ', 'ணை', 'நூ' அடங்காது. 12 அல்லது 16 புள்ளி உயரத்தில் புதிதாக வரைய வேண்டும். 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் தானாக அமர வேண்டும். ஆட்டங்களை உருவாக்க உதவும் இலவச மென்பொருளான கோடோ, 2023இல் வந்த தன் 4ஆம் பதிப்பில்தான் இதைச் சரியாகச் செய்யக் கற்றது. இனி தேவைப்படுவது நல்ல புள்ளி எழுத்துரு. முதலில் நிதி திரட்டுகிறவர் அதற்கும் ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கேட்டு, வரைந்து முடித்ததும் எல்லோரும் பயன்படுத்த இலவசமாக வெளியிட்டால், சேலத்திலோ யாழ்ப்பாணத்திலோ அடுத்து தொடங்குகிற குழுவுக்கு அந்தச் செலவும் சில மாத வேலையும் மிச்சம்.