பங்குச் சந்தையும் மனித மனமும்

ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குபவர் அதன் சிறு பகுதிக்கு உரிமையாளர் ஆகிறார். முன்னாளில் இதற்குத் தரகரை நாட வேண்டியிருந்தது. இன்றோ கைப்பேசியைத் தொட்டால் போதும். வேகம் கூடியது, அதனால் லாபமும் கூடியதா?

அமெரிக்கப் பேராசிரியர்கள் பார்பரும் ஓடீனும், தொலைபேசி வழி வணிகத்தை விட்டு இணையத்துக்கு மாறிய 1,607 பேரின் கணக்குகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டனர். மாறுமுன் அவர்கள் சந்தையைவிட ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கும் மேலாக ஈட்டினர். மாறியபின் அடிக்கடி வாங்கி விற்று, 3 சதவீதத்துக்கும் மேலாகப் பின்தங்கினர். முன்பு கிடைத்த வெற்றி தன்னம்பிக்கையை அளவுமீறி வளர்த்ததே முக்கிய காரணம் என்பது அவர்கள் கருத்து.

தோழியரே, அவர்களது 2001-ஆம் ஆண்டு ஆய்வு நமக்கு மேலும் சுவையானது. ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றனர். அதனால் அதிகமாகவும் இழந்தனர்!

இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் விளக்கினர். ஆகவேதான் பலர் நஷ்டப் பங்கை விற்க மனமின்றி வைத்துக்கொண்டு, லாபப் பங்கை அவசரமாக விற்றுவிடுகின்றனர்.

உள்ளுணர்வு பயனற்றதா? அன்று. அனுபவமுள்ள செவிலியின் உள்ளுணர்வு பெரும்பாலும் பலிக்கும். ஒரே வகை நோய்க்குறிகளை அவர் பலமுறை கண்டிருக்கிறார். சந்தையோ அவ்வாறு ஒழுங்காகத் திரும்பி வருவதில்லை.

ஆர்வம் நம்மை நிறுவனத்தின் கணக்கைப் படிக்கத் தூண்டினால் அது நற்றுணை. படிக்காமலே வாங்கத் தூண்டினால் வீட்டுச் சேமிப்புக்கே பகை. பதறாத காரியம் சிதறாது அன்றோ!