கடல் விலகிய பின்

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்குச் சென்ற ஆண்டு 48 வயது நிறைந்தது. வேலை உண்டு, வீட்டுக்கடன் அடைந்துவிட்டது, மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஆயினும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, ‘இவ்வளவுதானா?’ என்ற கேள்வி நெஞ்சை அழுத்தும். நன்றியற்ற பேச்சாகிவிடுமோ என்று மனைவியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

இதற்கு ‘நடுவயது நெருக்கடி’ என்று 1965-இல் பெயரிட்டவர் கனடாவில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ். பொதுவான செய்தியாக இருந்த மரணம் தனக்கும் உரியது என்று உறைப்பதே இதன் வேர் என்றார் அவர். ஆனால் எல்லாருக்கும் இது வருவதில்லை. வந்தவர்களிலும் பலருக்கு வயதைவிட வேலையிழப்பு, நோய், பெற்றோரின் மறைவு போன்றவையே காரணம் எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. நம் வீடுகளில் பிள்ளைகளின் படிப்புச் செலவும் பெற்றோரின் மருத்துவச் செலவும் ஒரே தோளில் ஏறும் பருவமும் இதுவே.

அந்நாள்களில் ஒரு ஞாயிறு கொற்கைக்குச் சென்றேன். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று உள்நாட்டுச் சிற்றூர். தாமிரபரணியின் வண்டல் படியப் படியக் கடல் சில கிலோமீட்டர் விலகிப் போனது. அதில் கொற்கையின் பிழை ஏதுமில்லை. வணிகம் காயலுக்கும் பின்னர் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது; 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று.

அத்துறைமுகம் இன்று வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்குகிறது. 1912 டிசம்பரில் அவர் சிறையிலிருந்து வெளிவந்தபோது வயது 40. கப்பல் நிறுவனம் கலைந்திருந்தது. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. நம் மனக்குறையை அவர் துயரத்தோடு ஒப்பிடுவது தகாது. எனினும், கப்பல் இனி இல்லை என்றான பின் அவர் தமிழ் நூல்களில் உழைத்தார். திருக்குறள் மணக்குடவர் உரையை 1917-இல் பதிப்பித்தார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். வறுமை அவரை விடவில்லை. அவர் பணியும் நிற்கவில்லை.

நான் செய்தவை எளியவை. முதலில் மனைவியிடம் சொன்னேன். அவருக்கும் அதே கேள்வி இருந்தது. வேலையை உதறுவது, சேமிப்பை எடுத்துத் தொழில் தொடங்குவது போன்ற பெரிய முடிவுகளை ஆறு மாதம் தள்ளிவைத்தோம். கல்லூரிக் காலத்தோடு கைவிட்ட வாசிப்புக்கு வாரம் ஒரு மாலையை ஒதுக்கினேன்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரங்களைத் தாண்டினாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தாலோ, அதை வயதின் சலிப்பென்று ஒதுக்கிவிடலாகாது. மருத்துவரை அணுக வேண்டும். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

இப்போதும் சில நாள்களில் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. ‘இவ்வளவுதானா?’ என்பதற்குப் பதிலாக, ‘இனி என்ன செய்யலாம்?’ என்று கேட்கப் பழகிவருகிறேன்.