உடனிருப்பவர்க்கு ஒரு வணக்கம்

ஜவ்வாது மலையில் இரவெல்லாம் கண்விழித்திருப்போர் இரு வகையினர். ஒரு வகையினர் காவலூரில் இருக்கின்றனர். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில், 1986 முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் துணைகொண்டு விண்மீன்களை ஆராய்பவர்கள் அவர்கள். மற்றொரு வகையினர் நோயுற்றவரின் கட்டிலருகே அமர்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸைக் கண்காணிப்பவர்கள். முதல் வகையினர் விடிந்ததும் உறங்கச் செல்லலாம். இரண்டாம் வகையினர்க்கு அந்த வசதி இல்லை. விடிந்ததும் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீருக்கு வரிசையில் நிற்க வேண்டும். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

நான்கில் ஒரு கூறு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து கொடுப்பவர் என்பன அவை. மருத்துவரை எண்ணிய அதே வரிசையில் உடனிருப்பவரையும் வள்ளுவர் எண்ணியிருக்கிறார் என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அப்பணியின் ஒரு பகுதியை இன்று செவிலியர் செய்கின்றனர். எஞ்சியதைச் செய்வது குடும்பம்.

நம் மலையில் அக்குடும்பத்தின் சுமை சற்றுக் கூடுதலானது. ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களிலிருந்து எவரும் தனியே மருத்துவமனைக்கு வருவதில்லை. ஒருவர் இங்கே கட்டிலருகே அமர வேண்டுமானால், ஊரில் பலருக்கு வேலை கூடுகிறது. அவருடைய ஆடுகளை யாரோ ஓட்டிச் செல்கின்றனர். அவருடைய பிள்ளைகளுக்கு யாரோ கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். சாமை அறுவடைக் காலமாயின் அவர் பங்கு வேலையையும் யாரோ செய்து முடிக்கின்றனர். உடனிருப்பவர் இழப்பது உறக்கத்தை மட்டுமன்று. நாள்தோறும் வர வேண்டிய கூலியையும் இழக்கிறார். வார்டில் நாம் காண்பது ஒரு முகத்தை. அதற்குப் பின்னே ஓர் ஊர் நிற்கிறது.

இருவர்க்கும் சென்ற பாராட்டு

ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதியை நம்மில் பலர் அறிவர். மலையாளிப் பழங்குடியினத்தில் பிறந்த அவர், 23ஆம் வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றார். அத்தேர்வு 2023 நவம்பரில் சென்னையில் நடைபெற்றது. அப்போது அவருக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. 2024 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவரை வாழ்த்தியபோது, உறுதுணையாக நின்ற தாயாரையும் கணவரையும் சேர்த்தே பாராட்டினார்.

நமக்கு அந்தப் பாராட்டின் பிற்பகுதியே மிகவும் பிடித்திருக்கிறது. பச்சைக் குழந்தையுடன் ஒரு தாய் அத்தனை தொலைவு செல்வதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதைப் பிரசவ வார்டில் துணைக்கு இருந்தவர்கள் அறிவார்கள். (மருத்துவமனை இதழ் என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: பிரசவித்த இரண்டாம் நாள் நெடும்பயணம் எல்லார்க்கும் ஏற்றதன்று, மருத்துவரைக் கேட்டே புறப்படுங்கள்.)

"சாப்பிட்டாயா?"

நம் வீடுகளில் உறவினர்க்கு நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. மனைவியிடம் கணவர் 'நன்றி' என்று சொன்னால், "என்ன, காய்ச்சல் கூடிவிட்டதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். மகனிடம் தாய் சொன்னால், "என்னை அயலானாக்கிவிட்டாயா, அம்மா?" என்று அவன் வருந்துவான்.

ஆயினும் நன்றியுணர்வு நம்மிடம் இல்லாமல் இல்லை. அது வேறு சொற்களில் வெளிப்படுகிறது. மூன்று நாள் கண் திறவாமல் கிடந்தவர் விழித்ததும், அருகிலிருப்பவரை நோக்கி முதலில் கேட்பது, "நீ சாப்பிட்டாயா?" என்பதே. அக்கேள்விக்கு மேலான நன்றியுரையை நாம் கேட்டதில்லை. ஆனால், அதற்கு வரும் விடை பெரும்பாலும் பொய்யாகவே இருக்கிறது. உடனிருப்பவர் பலர் சாப்பிடுவதில்லை. தமக்குரிய சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் ஊரிலேயே விட்டு வந்திருப்பார்கள், கேட்டால், "என்னைப் பார்க்க இதுவா நேரம்?" என்பார்கள். இதுவே நேரம். ஒரு கட்டிலுக்கு இருவர் நோயாளிகளானால் இருவரையும் யார் பார்ப்பது?

வேண்டுதலும் மாத்திரையும்

தலையணையின் கீழே மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கைக் காசு இருக்கிறது. அடுத்த கட்டிலில் செபமாலை. அதற்கடுத்த கட்டிலில் தர்காவிலிருந்து வந்த கயிறு. இவை எவையும் சிகிச்சைக்குப் பகையல்ல. அச்சம் மிகுந்த இரவில் மனம் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு வேண்டும். அதனை எவரிடமிருந்தும் பறிக்க நாம் விரும்புவதில்லை.

மூன்று வேண்டுகோள்கள் மட்டும் உண்டு. வீங்கிய கையில் இறுகிய கயிறு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்; செவிலியர் சொன்னால் அதனைத் தளர்த்திக் கட்டுங்கள், அல்லது தலையணையில் கட்டிவையுங்கள். ஆக்சிஜன் செலுத்தப்படும் இடத்தில் கற்பூரமோ, ஊதுபத்தியோ, மெழுகுவர்த்தியோ ஏற்ற வேண்டா. அங்கே தீ நொடியில் பரவும். சர்க்கரை நோயாளிகள் விரதமிருக்க எண்ணினால், முன்னதாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோய் தீராதபோது, "நேர்த்திக்கடனைச் செலுத்தவில்லை போலும்" என்றோ, "நம்பிக்கை போதவில்லை" என்றோ சிலர் அந்தக் குடும்பத்தினரின் காதுபடப் பேசுகின்றனர். உறங்காமல் பணிவிடை செய்த ஒருவர்க்கு இதைவிடக் கொடிய சொல் இல்லை. சில நோய்கள் எத்தனை அன்பு இருந்தும், எத்தனை மருந்து கொடுத்தும் தீர்வதில்லை. அது உடனிருந்தவரின் குற்றமன்று. அவருடைய இறைவனின் கோபமும் அன்று என்றே நாம் எண்ணுகிறோம்.

சிரிப்பதற்கும் நேரம் உண்டு

துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்னவரும் வள்ளுவரே. 63ஆம் அதிகாரத்தின் முதற்குறள் அதைத்தான் கூறுகிறது. அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ், 1964இல் கடும் நோயுற்று வலியால் தவித்தபோது நகைச்சுவைப் படங்களைப் பார்த்துச் சிரித்தார். அச்சிரிப்பு, வலியின்றிச் சிறிது நேரம் உறங்க உதவியதாக 1979இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். சிரிப்பு மருந்துக்கு மாற்றாகாது, மருந்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

வார்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. பார்வையாளர் நேரமே போதும். சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு, "எங்கள் பெரியப்பாவுக்கும் இதே நோய்தான், நல்லாத்தான் இருந்தார், பாவம், திடீரெனப் போய்விட்டார்" என்று ஆறுதல் சொல்வோர் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி வந்த ஒருவரிடம் கட்டிலில் கிடந்த முதியவர் மெல்லக் கேட்டார்: "அவரையும் நீங்கள் பார்க்கப் போயிருந்தீர்களா?" வார்டு முழுவதும் சிரித்தது. வந்தவரும் சிரித்தார். பல நாட்களாகச் சிரிக்காதிருந்த முதியவரின் மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

இன்றே செய்யத்தக்கவை

நோயாளியைப் பார்க்க வருவோர், உடனிருப்பவரை ஒரு மணி நேரமேனும் விடுவியுங்கள். அவர் குளித்து, உண்டு, சற்றே படுத்தெழட்டும். பழத்தைவிட அது பெரிய உதவி. உடனிருப்பவர்களே, உங்கள் மாத்திரைகளையும் பையில் எடுத்து வாருங்கள். களைப்பு மிகுந்தால் செவிலியரிடம் சொல்லத் தயங்காதீர்கள். நலம்பெற்று வீடு திரும்புவோர், ஆடுகளை மேய்த்தவரையும் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்தவரையும் மறவாதீர்கள். 'நன்றி' என்று சொல்ல நா எழவில்லையா? குற்றமில்லை. அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து, "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அவர்களுக்குப் புரியும்.